முழங்கால் ஆழச் சுரங்கம்

தூத்துக்குடியில் உப்பளம் உண்டு, துறைமுகம் உண்டு, நூல் ஆலை உண்டு, முத்து கிடைக்காத முத்துக்குளித்துறையும் உண்டு. சுரங்கம் மட்டும் கிடையாது. இருந்தாலும் 1974ஆம் வருடம் ஆடி மாதத்தில் அங்கே ‘கனிவளச் சீர்திருத்தத் தனி அலுவலகம்’ என்று ஒன்று திறக்கப்பட்டது. ஒன்பது அலுவலகங்கள் திறப்பது என்று மேலே முடிவாகிவிட்டது. சுரங்கம் உள்ள ஊர் எட்டுதான் அகப்பட்டது. ஒன்பதாவதற்கு யாரோ வரைபடத்தின் ஓரத்தில் விரலை வைத்திருக்கிறார்கள்.

நான் அந்த ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். பெயர் தேவபிரசாதம், ஊர் நாசரேத். அங்கே நடந்த ஒவ்வொரு அநியாயத்தையும் கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தவன் நான். அதனால் இதைச் சொல்லும் தகுதியும் உண்டு, பாவத்தில் பங்கும் உண்டு.

தனி அலுவலராக வந்தவர் சிவசுப்பிரமணியன். இருபது வருடம் வடக்கே பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். மேலே இருக்கிற எதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. வெயிலைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எழுந்து நின்று பேசினார்.

“மிஸ்டர் தேவபிரசாதம், நாட்டில் சுரங்கத்துறை சீர்கெட்டுக் கிடக்கிறது. இந்த வட்டாரத்தில் ஒரு சுரங்கம்கூட நம் கட்டுப்பாட்டில் இல்லை என்று பதிவேடு சொல்கிறது. நிலைமை அவ்வளவு மோசம்.”

“சார், இங்கே சுரங்கமே இல்லையே.”

“அதைத்தான் சொல்கிறேன். அவ்வளவு மோசம்.”

இரண்டு மாதம் நாங்கள் சுரங்கம் தேடினோம். பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்க் கோட்டை மேட்டைத் தட்டிப் பார்த்தோம். ஆதிச்சநல்லூரில் பூமிக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனோம். இருந்தது முதுமக்கள் தாழி, அது ஏற்கெனவே வேறொரு துறைக்குச் சொந்தம். செப்டம்பர் கடைசியில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒரு சுரங்கத்தையாவது சீர்திருத்திக் காட்டாவிட்டால் அலுவலகம் மூடப்படும் என்று அதில் இருந்தது. அலுவலர் வடக்கே போய்விடுவார். நான் நாசரேத்துக்குப் போக வேண்டியதுதான்.

அன்று மத்தியானம் கனிமங்களின் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் இனத்தில் ‘சிப்பி, சுண்ணாம்புக்கானது’ என்று போட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு பக்கத்தைத் திருப்பியிருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயத்தில் சத்தம் போட்டு வாசித்துவிட்டேன். அந்தப் பயத்தை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இப்படித்தான் பிளாரன்ஸ் சுரங்க முதலாளி ஆனாள்.

பிளாரன்ஸுக்கு ஊர், தூத்துக்குடிக்குத் தெற்கே ஆறு மைலில் கோரைத்துறை என்கிற கடற்கரைக் கிராமம். நாற்பது வயது இருக்கும். புருஷன் சிலுவை சங்கு குளிக்கிறவன். கடற்கரையில் அவளுக்கு ஒரு சுண்ணாம்புச் சூளை இருந்தது. அவளும் இன்னும் ஐந்து பெண்களும் விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்குவார்கள். காலால் துழாவிச் செத்த சிப்பிகளை எடுத்து, ஓலைப்பெட்டியில் நிரப்பித் தலையில் சுமந்து வந்து காயப்போடுவார்கள். அதைக் கரியோடு அடுக்கிச் சூளையில் சுட்டு, தண்ணீர் தெளித்தால் சுண்ணாம்பு. ஊர் வெள்ளை முழுக்க அந்தச் சூளையிலிருந்து வந்ததுதான்.

கோரைத்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. சவேரியார் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் கோவிலுக்கு வெள்ளையடிக்க யார் சுண்ணாம்பு கொடுக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் அடுத்த ஒரு வருடம் கரையில் சிப்பி எடுக்கும் உரிமை. ஊர்க் கமிட்டி அதில் தாட்சண்யம் பார்க்காது. பிளாரன்ஸ் பதினான்கு வருடமாகத் தவறாமல் கொடுத்து வந்தாள். அவள் தவறினால் எடுத்துக்கொள்ள டவுனில் ரோச் என்கிற காண்டிராக்டர் லாரியோடு காத்துக்கொண்டிருந்தார். கொடியேற்றம் நவம்பர் இருபத்துநான்கு. எங்கள் நோட்டீஸ் அவள் கையில் கிடைத்தது அக்டோபர் மூன்று.

‘சுரங்க உடைமையாளர் திருமதி பிளாரன்ஸ் அவர்களுக்கு’ என்று அடித்திருந்தேன். லாட்டரியில் ஏதோ விழுந்திருக்கிறது என்று பங்குச் சாமியார் விளக்கம் சொன்னாராம். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கூடவே செல்லத்தாய் என்கிற நெட்டையான பெண். சிலுவை ஆபீசுக்குள் வரமாட்டேன் என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

“சுரங்கத்தின் ஆழம் எவ்வளவு?” என்றார் அலுவலர், படிவத்தைப் பார்த்துக்கொண்டே.

“எந்தச் சொரங்கம் சார்?”

“உங்களுடையது.”

“சேசுவே! எனக்குச் சொரங்கமா? எங்கன கெடக்கு?”

“நீங்கள் சிப்பி எடுக்கிற இடம்.”

“அது கடலுல்லா சார்!”

“கடல் என்பது மேலே நிற்கிற தண்ணீர். அதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. அடியில் இருப்பது சுரங்கம். ஆழம்?”

பிளாரன்ஸ் என்னைப் பார்த்தாள். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன்.

“முழங்கால் மட்டும் இருக்கும் சார்.”

“யாருடைய முழங்கால்?”

இதற்கு மூன்று நாள் ஆயிற்று. ஆறு பெண்களின் முழங்காலை அளந்து சராசரி எடுப்பதாக முதலில் யோசனை. அளக்க வருகிறவன் தலையில் ஓலைப்பெட்டி இறங்கும் என்று செல்லத்தாய் சொல்லியனுப்பியதால் அது கைவிடப்பட்டது. முடிவில் அலுவலர் தன் கால்சட்டையைச் சுருட்டித் தன் முழங்காலையே அளக்கச் செய்தார். பத்தொன்பது அங்குலம். அதுவே அரசு முழங்கால் என்று உத்தரவு அடித்தேன்.

அடுத்தது பாதுகாப்பு. எங்கோ மூடிப்போன சுரங்கத்திலிருந்து ஆறு இரும்புத் தொப்பிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஒரு விளக்கு. கீழே இறங்குமுன் விளக்கை ஏற்ற வேண்டும் என்பது விதி. காலை ஒன்பது மணி வெயிலில், கச்சான் காற்றில், ஆறு பெண்கள் கடற்கரையில் குந்தி விளக்கு ஏற்றினார்கள். ஒன்று எரிந்தால் ஒன்று அணைந்தது. ஏற்றி முடித்துத் தண்ணீரில் இறங்கினால் குனிகிறபோது தொப்பி கழன்று விழுந்தது. தொப்பிக்கு மேல் சும்மாடு வைத்தால் பெட்டி உருண்டு ஓடியது. இரண்டாம் நாள் பிளாரன்ஸ் தொப்பியைக் கழற்றி அதிலேயே சிப்பியை அள்ளத் தொடங்கினாள். பெட்டியைவிட வசதியாக இருந்ததாம். ‘பாதுகாப்புச் சாதனங்களால் உற்பத்தி பன்னிரண்டு சதவீதம் உயர்ந்துள்ளது’ என்று அலுவலர் மேலே எழுதினார்.

அதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் அன்று மாலை அவர் விதிப்புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எந்தப் பெண்ணும் தரைமட்டத்துக்குக் கீழே வேலை செய்யக் கூடாது என்று அதில் இருந்தது.

மறுநாள் ஆறு பேரையும் வரவழைத்து ஆபீஸ் வராந்தாவில் நிறுத்திப் பேசினார். “தாய்மார்களே, சுரங்கத் தொழில் அபாயமானது. உங்களைக் காப்பாற்றுவது அரசின் கடமை. ஆகவே உங்கள் வேலையை முதலில் எடுத்துவிடுகிறோம். வேலை இல்லாத இடத்தில் விபத்து இல்லை. நான் இருந்த பழைய சுரங்கத்தில் இந்த முறையைக் கையாண்டோம். மூடிய பிறகு அங்கே ஒருவருக்குக்கூடக் காயம் இல்லை.”

“நாங்க மேலதான சார் நிக்கோம்? காலு மட்டுந்தான உள்ள கெடக்கு” என்றாள் பிளாரன்ஸ்.

அலுவலர் நியாயமானவர். யோசித்தார். உடம்பில் ஐந்தில் நான்கு பங்கு தரைமட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். “ஆனால் எடுக்கும்போது கை கீழே போகிறதே?”

“கை போவாம எடுப்போம் சார்” என்று செல்லத்தாய் முன்னால் வந்தாள். தரையில் கிடந்த அவருடைய பேனாவைக் கால்விரலால் கவ்வி, ஒற்றைக் காலில் நின்றபடி மேசை உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தாள். பேனாவை வாங்கிக்கொண்டு அவர் வெகுநேரம் அவள் காலையே பார்த்தார்.

“அபாரம். ஆனால் சும்மா நிற்கிற கால் வேறு, வேலை செய்கிற கால் வேறு. வேலை செய்கிற கால் பெண்ணின் கால். அது கீழே போகக் கூடாது.”

“பெறகு யாரு சார் எடுப்பா? கொடியேத்தத்துக்கு ஒன்றரை மாசந்தான் கெடக்கு. அதுக்குள்ள சுண்ணாம்பு போய்ச் சேரலன்னா எங்க கரை போயிரும் சார். ஆறு குடும்பத்துக்கும் அடுப்பு எரியாது.” அலுவலருக்கும் வருத்தம்தான். ஆண்களை இறக்கலாம் என்று பரிவோடு அனுமதி கொடுத்தார்.

ஆண்களை இறக்கினார்கள். அதுதான் பெரிய தப்பு.

சிலுவையும் அவன் கூட்டாளிகள் ஐந்து பேரும் ஏழெட்டுப் பாகம், அதாவது நாற்பது ஐம்பது அடி ஆழத்தில் மூச்சடக்கிச் சங்கு எடுக்கிறவர்கள். கரையோரத்தில் ஆண்பிள்ளை குனிந்து சிப்பி பொறுக்குவது என்பது அந்த ஊரில் கேள்விப்படாத விஷயம். தொப்பியைப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார்கள். முழங்கால் தண்ணீரைப் பார்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பெண்டாட்டிமார் கரையில் வரிசையாக நின்று சிரிப்பதையும் பார்த்தார்கள். அப்புறம் வள்ளத்தைத் தள்ளி ஏறி, ஐந்து மைல் வெளியே பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் கரையேறும்போது வள்ளம் நிறையச் சங்கும் உயிருள்ள முத்துச்சிப்பியும் கொண்டுவந்து கொட்டினார்கள்.

“ஏலே, ஒன்னை என்ன எடுக்கச் சொன்னா, என்ன கொண்டாந்திருக்க?” என்று பிளாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

“முழங்கால் தண்ணியில குனிஞ்சு நின்னா நாளைக்கு எவன்ளா வள்ளத்துல எனக்கு எடம் குடுப்பான்? சிப்பின்னாவ. சிப்பி எடுத்தேன்” என்றான் சிலுவை.

சங்கும் உயிர்ச்சிப்பியும் இன்னொரு அலுவலகத்துக்குச் சொந்தம். கடல்வளக் கண்காணிப்புப் பிரிவு என்று பெயர். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அதன் ஆய்வாளர் ஜேசுபாதம் எங்கள் ஆபீசில் நின்றார். மெலிந்த மனிதர், எட்டூருக்குக் கேட்கும் குரல்.

“சிப்பி மீன் இனம். எங்களுடையது.”

“சிப்பி கனிமம். முப்பத்தோராம் இனம்.”

“உயிர் இருக்கிறதே ஐயா! எந்தக் கனிமத்துக்கு உயிர் இருக்கிறது?”

“எங்கள் துறையில் உயிரைக் கணக்கில் எடுப்பதில்லை.”

நான்கு மணி நேரம் பேசினார்கள். வேட்டியும் துண்டும் கட்டியிருந்தால் கைகலந்திருப்பார்கள். கால்சட்டை போட்டிருந்ததால் ஒப்பந்தம் எழுதினார்கள். சிப்பி உயிரோடு இருக்கும்வரை கடல்வளம். செத்த நிமிடத்திலிருந்து கனிவளம். செத்ததா இல்லையா என்று அரசு மருத்துவர் ஒவ்வொரு சிப்பியையும் பார்த்துச் சான்று தர வேண்டும். அதுவரை கோரைத்துறைக் கரையில் இருக்கிற எல்லாச் சிப்பியும், பெண்கள் ஏற்கெனவே எடுத்துக் காயப்போட்டிருந்தது உட்பட, பொது இடமான எங்கள் ஆபீஸ் முற்றத்தில் கொட்டப்பட வேண்டும்.

மாட்டுவண்டிகளில் வந்து இறங்கிற்று. ஜன்னல் உயரத்துக்குக் குவிந்தது. ஏறத்தாழ ஆறு லட்சம் சிப்பி என்று மதிப்பிட்டோம். ஒரு சூளைக்குச் சரியாக இருக்கும்.

அரசு கால்நடை மருத்துவர் அற்புதமணி சாயர்புரத்திலிருந்து சைக்கிளில் வந்தார். சாதுவான மனிதர். குவியலைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கவே மறந்துபோனார்.

“மாடுன்னா நாக்கப் பாப்பேன். ஆடுன்னா கண்ணப் பாப்பேன். இதுக்கு எதப் பாக்க தம்பி?” என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். பென்சிலால் தட்டிப் பார்க்கலாம் என்றேன். ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுச் சான்றிதழ் எழுதினார். படிவம் பொதுவான இறப்புப் படிவம். தகப்பன் பெயர் என்ற இடத்தில் முதல் நாள் கோடு போட்டார். கோடு கூடாது என்று அலுவலர் திருப்பியதால் அப்புறம் ‘கடல்’ என்று எழுதினார்.

நாளுக்கு ஐம்பது சிப்பி முடிந்தது. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். இதே வேகத்தில் ஒரு சூளைக்கு நாற்பது வருடம் ஆகும். அலுவலர் முகம் மலர்ந்தது. “நாற்பது வருடத் திட்டம்! இனி இந்த அலுவலகத்தை யார் மூட முடியும்?”

பிளாரன்ஸ் தினமும் வந்தாள். காலையில் வந்து முற்றத்தில் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். சாயங்காலம் எழுந்து போவாள். “இன்னைக்கு எத்தன செத்துருக்கு டாக்டரய்யா?” என்று கேட்பாள். “நாப்பத்தெட்டும்மா.” “ரெண்டு கொறயுதே?” “ரெண்டு மேல கொஞ்சம் சந்தேகம்.” நவம்பர் பத்தாம் தேதி ரோச்சின் லாரி கோரைத்துறைக்கு வந்து இடம் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். அன்றைக்கு அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அதற்குள் குவியலில் இருந்த உயிர்ச்சிப்பிகள் அரசு பாதுகாப்பில் இருந்தபடியே அழுகிவிட்டன. நாற்றம் பஸ் ஸ்டாண்டு வரை போயிற்று. அந்த நேரத்தில் தந்தி வந்தது. மேலிடத்து டைரக்டர் இருபத்தைந்தாம் தேதி எங்கள் சுரங்கத்தைப் பார்வையிட வருகிறார்.

சிவசுப்பிரமணியன் தந்தியை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் சுவருக்குமாக நடந்தார். நாற்றம் ஒரு பக்கம். ஆபீஸ் சுவர் உப்புக்காற்றில் காரை உதிர்ந்து கிடந்தது மறுபக்கம். டைரக்டர் வருகிற ஆபீசுக்கு வெள்ளையடிக்காமல் இருக்க முடியுமா? டவுன் முழுக்கச் சுண்ணாம்பு தேடி ஆள் போயிற்று. எங்கும் இல்லை. இந்தப் பக்கத்துக்கெல்லாம் சுண்ணாம்பு எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

முற்றத்துக்குப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். “அம்மா, அவசரமாகக் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும்.”

“சிப்பி இல்லாம சுண்ணாம்புக்கு எங்க சார் போவேன்?” பிளாரன்ஸ் குவியலைக் கூடப் பார்க்கவில்லை. “சர்ட்டிபிகேட்டு வரட்டும். நாப்பது வருசந்தான? இருக்கேன்.”

அலுவலர் மருத்துவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே ஒரு மாதம் காத்திருந்தவர்போல அற்புதமணி எழுந்தார். ஒரே தாளில், ஒரே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். நான்தான் அதை மூன்று பிரதி அடித்தேன். ‘மேற்படி முற்றத்தில் உள்ள அனைத்தும் இறந்துவிட்டன. உயிரோடு வந்தவையும் இங்கு வந்த பின் இறந்தன. இறப்புக்குக் காரணம்: சான்றிதழுக்குக் காத்திருந்தது.’

அன்று மாலையே வண்டி கட்டினார்கள். ஆறு பெண்களும் மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. சூளை எரிந்தது, ஆறியது, தண்ணீர் தெளித்தார்கள், பூத்தது. இருபத்திரண்டாம் தேதி கோரைத்துறைக் கோவில் கண் கூசும் வெள்ளையில் நின்றது. மிச்சத்தில் இரண்டு மூட்டை எங்கள் ஆபீசுக்கு வந்தது. இருபத்துநான்காம் தேதி கொடியேறியபோது நானும் போயிருந்தேன். ரோச் முன்வரிசையில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். லாரியைக் கொண்டுவரவில்லை. பிளாரன்ஸ் எனக்கு ஒரு கை நிறைய மிட்டாய் கொடுத்தாள்.

மறுநாள் டைரக்டர் வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார், விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு சுரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார். தொப்பி போட்டு, விளக்கு ஏற்றி, அரசு முழங்கால் ஆழம்வரை இறக்கினோம். முந்தின வாரம் முழுக்க வாடைக்காற்று. காலடியெல்லாம் சிப்பி.

“இருந்த கனிமம் முழுவதும் வெளியே எடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இது என்ன?”

“மறுபடி வந்திருக்கிறது சார்.”

“யார் போட்டது?”

“கடல், சார்.”

“எங்கள் படிவத்தில் ‘குறைவு’ என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது. கூடுகிற சுரங்கத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? படிவத்துக்கு அடங்காத சுரங்கம் சீர்திருத்தத்துக்கு அடங்காத சுரங்கம். மூடிவிடுங்கள்.” தண்ணீரில் நின்றபடியே உத்தரவு சொன்னார். “விதிப்படி மூட வேண்டும். குழியைத் தொண்ணூறு நாளில் மண் போட்டுத் தரைமட்டத்துக்கு நிரப்பி, மேலே மரக்கன்று நடவேண்டும். அதுவரை உடைமையாளர் ஒரு சிப்பியையும் தொடக் கூடாது.”

கரையில் ஆறு பெண்களும் நின்றிருந்தார்கள். கரை உரிமை கிடைத்து ஒரு நாள் ஆகவில்லை. பிளாரன்ஸ் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்து, கடலை ஒரு தடவை முழுக்கப் பார்த்தாள்.

“சரி சார். மூடிருதோம். இந்தக் கரையில இருந்து ஆரம்பிக்கணுமா, கொழும்புக் கரையில இருந்தா?”

செல்லத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. டைரக்டருக்கு வரவில்லை. “நல்ல கேள்வி” என்றார் அவர். “இதற்கு மேலிட விளக்கம் தேவை. எழுதிக் கேளுங்கள்.”

ஆபீசுக்கு வந்து கடிதத்தை அடித்தேன். எந்தக் கரையிலிருந்து தொடங்குவது என்று விளக்கம் கோரி அலுவலர் சொன்னதை அப்படியே அடித்து முடித்தேன். பிறகு நானாக ஒரு வரி சேர்த்தேன். ‘மேற்படி விளக்கம் கிடைக்கும்வரை உடைமையாளரும் அவருடன் உள்ள பெண்களும் வழக்கம்போல் சிப்பி எடுத்து வரலாம் எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’ என் வாழ்நாளில் நான் செய்த ஒரே துணிச்சல் அது.

சிவசுப்பிரமணியன் அந்த வரியில் விரலை வைத்தார். “இதை நான் சொல்லவில்லையே?”

“எல்லாக் கடிதத்திலும் போடுகிற வரிதான் சார்.”

“ஓ, எல்லாக் கடிதத்திலுமா?” என்று கையெழுத்துப் போட்டார்.

ஒரு சுரங்கத்தைச் சீர்திருத்தி மூடியதற்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அலுவலகத்தை எழுபத்தெட்டில் மூடினார்கள். கோப்பு சென்னைக்குப் போனது, அங்கிருந்து டெல்லிக்கு என்றார்கள், பிறகு காணாமல் போய்விட்டது என்றார்கள். நான் வேறு துறைக்குப் போய், வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

போன வாரம் டவுனில் அந்தோனியார் கோவில் வாசலில் பிளாரன்ஸைப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. இன்னும் சூளை போடுகிறாளாம். “பதிலு எதுவும் வந்துட்டா சார்?” என்று பயந்துகொண்டே கேட்டாள். வரவில்லை என்றேன். மூச்சு விட்டு, உள்ளே போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். காணாமல் போன பொருள் கிடைக்க வேண்டும் என்று அந்தோனியாருக்கு ஊரே மெழுகுவர்த்தி ஏற்றுகிறது. காணாமல் போனது கிடைத்துவிடக் கூடாது என்று வருடா வருடம் ஏற்றுகிறவள் அவள் ஒருத்திதான். எங்கள் புராட்டஸ்டண்ட் சபையில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் இல்லை. ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, அந்த ஒரு வேண்டுதலுக்கு மட்டும் ஆமென் சொன்னேன்.